மூடி போடுவதற்கு முன் ஒரு படம்

(ஆற்றங்கரை, கடற்கரை ஊர்களைச் சேர்ந்த பேரிடர் தன்னார்வலர்களுக்கான பயிற்சியில், நீர்வளப் பணிகளில் இருந்து ஓய்வு பெற்ற பொறியாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

கூட்டம் தொடங்கும்போது செல்போனை அணைத்து உள்ளே வையுங்கள் என்று சொல்வது வழக்கம். நான் வெளியே எடுத்து வையுங்கள் என்று சொல்லப் போகிறேன். இன்றைக்குப் பேசப்போகிற விஷயத்துக்கு அதுதான் முக்கியமான கருவி.

பாலத்துக்குப் பக்கத்தில், ஆற்று வளைவில், மலைப்பாதை ஓரத்தில், ஓடைக்குக் குறுக்கே என்று பல இடங்களில் கம்பிவலைப் பெட்டிக்குள் கருங்கல்லை அடுக்கி வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். எங்கள் அலுவலகத்தில் ‘கேபியன்’ என்போம். ஊரில் கல்கூடை, கல்கூண்டு, வலைக்கல் என்று அவரவர் வாய்க்கு வந்த பெயர். ‘கல்லு என்ன பாவம் பண்ணுச்சு, கூண்டுல அடைச்சு வெச்சிருக்கீங்க?’ என்று ஒரு பெரியவர் என்னைக் கேட்டிருக்கிறார். கேபியன் என்ற சொல்லுக்கே இத்தாலிய மொழியில் பெரிய கூண்டு என்றுதான் அர்த்தம். அந்தக் காலத்துப் போர்களில் பிரம்புக் கூடையில் மண்ணை நிரப்பி அரணாக வைத்தார்கள். 1890-களில் இத்தாலியில் போலோனியா பக்கம் ரேனோ என்ற ஆற்றில் கம்பிவலையில் கல்லைக் கட்டி வைத்துப் பார்த்தார்கள். அது நின்றது, உலகம் முழுக்கப் பரவிவிட்டது. வரலாறு அவ்வளவு போதும்.

நான் செய்த ஒரு தப்பைச் சொல்கிறேன். ஊர் பெயர் வேண்டாம். ஒரு சின்ன ஆறு, அதில் ஒரு வளைவு, வளைவின் வெளிப்பக்கத்தில் ஒரு தெரு. வருஷா வருஷம் கரை அரித்து அரித்து வீடுகளுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. அங்கே கல்கூடை வைத்தோம். பார்க்க நூல் பிடித்த மாதிரி அழகாக இருந்தது. ஊரே வந்து நின்று படம் எடுத்துக்கொண்டது. முதல் வெள்ளம் வந்து வடிந்ததும் போன் வந்தது. போய்ப் பார்த்தால் ஒரு கூடைகூட நகரவில்லை. ஆனால் கூடைக்குப் பின்னால் இருந்த மண்ணைக் காணோம்! ஆள் இறங்கி நிற்கிற அளவுக்குப் பள்ளம். ஒரு அம்மாவின் மாட்டுக்கொட்டகை அந்தப் பள்ளத்துக்குள் சாய்ந்து கிடந்தது. ‘கல்லு நிக்குது, என் கொட்டாய் போயிடுச்சே சார்’ என்றார். அவ்வளவுதான் சொன்னார். அதுக்கு மேல் திட்டியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

காரணம் என்ன தெரியுமா? கூடைக்குப் பின்னால் ஒரு வடிகட்டித் துணி போட வேண்டும். ஜியோடெக்ஸ்டைல் என்று பெயர், கம்பளி மாதிரி இருக்கும். அந்த இடத்தில் சில மீட்டர் நீளத்துக்கு அதைப் போடவே இல்லை. துணி விரித்த அன்றைக்கு நான் வேறு பணியிடத்தில் இருந்தேன். திரும்பி வந்தபோது கூடை நிரம்பி மூடியும் போட்டாகிவிட்டது. நான் கூடைகளை எண்ணினேன், நாடா பிடித்து அளந்தேன், அளவுப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்க வழியில்லை. பார்த்தவர்கள் அந்தத் தெருக்காரர்கள்தான். தினமும் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். துணி என்று ஒன்று வர வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியாது. நாங்கள் யாரும் சொல்லவும் இல்லை.

அதனால்தான் ஓய்வு பெற்ற பிறகும் இந்தப் பேச்சைப் பேசிக்கொண்டு திரிகிறேன். கல்கூடை வேலையில் கரையைக் காப்பாற்றுகிற பாகங்கள் எல்லாமே வேலை முடிந்ததும் கண்ணுக்கு மறைந்துவிடும். திறப்பு விழாவுக்கு வருகிறவருக்கு முகப்புக் கல் மட்டும்தான் தெரியும்.

சரி, கரை எப்படி இடிகிறது என்று முதலில் பார்ப்போம். வெள்ளம் கரையை முட்டி மோதித் தள்ளுகிறது என்று நினைக்கிறோம். அது குறைவு. தண்ணீர் கரையின் அடியில்தான் கை வைக்கும். வளைவின் வெளிப்பக்கத்தில் வேகம் அதிகம், அங்கே படுகையைத் தோண்டும். அடி போனதும் மேலே இருக்கிற மண் தன் பாரத்தாலேயே விழும். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் திருச்சியில் பழைய கொள்ளிடம் இரும்புப் பாலத்தின் தூண்கள் சரிந்த வீடியோ உங்கள் போனுக்கும் வந்திருக்கும். பாலத்தின் மேலே இரும்புச் சட்டம் கம்பீரமாகத்தான் நின்றது. பிடிமானம் போனது கீழே.

இரண்டாவது ஆபத்து வெள்ளம் வடியும்போது வருவது. இதை நிறையப் பேர் கவனிப்பதில்லை. நாலைந்து நாள் தண்ணீர் கரை மட்டத்துக்கு நின்றிருக்கும், கரை மண் அதைக் குடித்து ஊறிக் கிடக்கும். ஆற்றில் மட்டம் திடீரென்று இறங்கினால், மண்ணுக்குள் இருக்கிற தண்ணீருக்கு எதிர்த்தாங்கல் போய்விடும். அது வெளியே வரப் பார்க்கும், வரும்போது மண்ணையும் இழுத்துக்கொண்டு வரும். ‘வெள்ளம் வடிஞ்சிடுச்சு, இனி பயமில்லை’ என்று கரையில் போய் நின்று செல்ஃபி எடுக்கிறார்களே, அந்த நேரத்தில்தான் கரை சரிகிறது. கரையின் மேல் நீளவாக்கில் விரிசல் தெரிந்தால் அந்தப் பக்கம் போகாதீர்கள், மாட்டையும் கட்டாதீர்கள்.

இப்போது கல்கூடையின் வேலை புரியும். அது தண்ணீரைத் தடுக்கிற சுவர் இல்லை. தண்ணீரை விட்டுவிடும், மண்ணைப் பிடித்துக்கொள்ளும். கல்லும் கல்லும் இடையே மூன்றில் ஒரு பங்கு போல வெற்றிடம் இருக்கிறது. கரையில் ஊறிய தண்ணீர் அதன் வழியாகச் சாவகாசமாக வெளியேறும். மண்ணை நிறுத்துவது பின்னால் இருக்கிற துணி. டீ வடிகட்டி மாதிரிதான்: சாறு போகும், தூள் நிற்கும். வடிகட்டியில் ஓட்டை இருந்தால் டம்ளரில் தூள். துணியில் ஓட்டை இருந்தால் ஆற்றில் உங்கள் தெரு.

‘எங்களுக்குக் கூடை வேண்டாம், கான்கிரீட் சுவர் கட்டிக் குடுங்க’ என்று மனு கொடுக்கிறவர்கள் உண்டு. சில இடத்தில் அதுதான் சரி. ஆனால் கான்கிரீட் வளையாது. அடியில் ஓரிடத்தில் மண் போனால் மொத்தமாக விரிசல் விட்டுச் சாயும். நீர் வடிய விட்ட துளைகள் அடைத்துக்கொண்டால் பின்னால் தேங்கும் தண்ணீரே அதைத் தள்ளிவிடும். கூடை அப்படியில்லை. அடியில் மண் கொஞ்சம் இறங்கினால் கூடையும் வளைந்து இறங்கும், உருவம் கோணலானாலும் வேலை செய்துகொண்டிருக்கும். கோணலாகத் தெரிகிறதே என்று உடனே கெட்டுப்போனதாக முடிவு கட்ட வேண்டாம். அதே நேரம், பெரிய பாறைகளை உருட்டிக்கொண்டு வரும் காட்டாற்றில் கம்பிவலை நிற்காது. பாறை உரசி உரசிக் கம்பி அறுந்துவிடும். எல்லா நோய்க்கும் ஒரே மாத்திரை கிடையாது.

பெட்டியைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். பொதுவாக ஒரு மீட்டர் உயரம், ஒரு மீட்டர் அகலம், இரண்டிலிருந்து நான்கு மீட்டர் நீளம். ஒவ்வொரு மீட்டருக்கும் உள்ளே வலையாலேயே ஒரு தடுப்பு இருக்க வேண்டும். இரண்டு மீட்டர் பெட்டியில் கல் நிரம்பினால் எடை ஏறக்குறைய மூன்றரை டன். கல் தனித்தனியாக இருந்தால் வெள்ளம் ஒவ்வொன்றாகத் தூக்கிப்போகும். மூன்றரை டன்னை மொத்தமாகத் தூக்குவது கஷ்டம். வலை அறுகோணக் கண் உள்ளது, கண் அளவு 8க்கு 10 அல்லது 10க்கு 12 சென்டிமீட்டர். தூரத்தில் இருந்து பார்த்தால் கோழிவலை மாதிரியே இருக்கும். ஆனால் கம்பி 2.7 மில்லிமீட்டர் அல்லது 3 மில்லிமீட்டர் தடிமன். கோழிவலைக் கம்பி அதில் பாதிகூட வராது. கண்ணும் கண்ணும் சேரும் இடத்தில் கம்பியை இரட்டை முறுக்காக முறுக்கியிருப்பார்கள். அதனால் ஒரு கம்பி அறுந்தாலும் ஸ்வெட்டர் மாதிரி முழுக்கப் பிரிந்து போகாது. இதற்கான இந்தியத் தர எண் ஐ.எஸ். 16014. ஒப்பந்த ஆவணத்தில் இந்த எண் இருக்கிறதா என்று பார்க்கலாம்.

அடுத்தது கல். கெட்டியான கருங்கல்லாக இருக்க வேண்டும். செம்மண் பாறையும் உதிர்கிற கல்லும் கூடாது. அளவு 15 முதல் 25 சென்டிமீட்டர். உங்கள் போனின் நீளம் 15, 16 சென்டிமீட்டர் வரும். போனைக் கல் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். போனைவிடச் சின்ன கல்லாகவே கொட்டிக் கிடந்தால் கேள்வி கேளுங்கள். போனைக் கீழே வைத்துவிட்டு எதால் படம் எடுப்பது என்கிறீர்களா? பக்கத்தில் நிற்பவர் போனால் எடுங்க. அளவுகோலோடு எடுத்த படம்தான் சாட்சி. வெறும் கல் படத்தில் கூழாங்கல்கூடப் பாறை மாதிரி தெரியும்.

கல்லை லாரியில் இருந்தோ பொக்லைனிலிருந்தோ அப்படியே கொட்டி மூடிவிடக் கூடாது. மூன்று அடுக்காக நிரப்பி, முகப்பில் தெரிகிற கல்லைக் கையால் அடுக்க வேண்டும். ஒவ்வொரு அடுக்கு முடிந்ததும் முன்வலையையும் பின்வலையையும் இழுத்துப் பிடிக்க உள்ளே குறுக்குக் கம்பி கட்டுவார்கள். இது இல்லாவிட்டால் கூடை தொப்பை போடும். தொப்பை போட்ட கூடையை நிறைய இடத்தில் பார்த்திருப்பீர்கள். அது வெள்ளத்தால் வந்தது இல்லை, நிரப்பிய அன்றைக்கே வந்தது. பக்கத்துப் பக்கத்துப் பெட்டிகளைக் காலியாக இருக்கும்போதே ஒன்றோடு ஒன்று தைத்துவிட வேண்டும். சணல் மூட்டை தைக்கிற மாதிரி, ஓரம் முழுக்க, கம்பியால். அங்கங்கே நாலு முடிச்சுப் போட்டால் போதாது.

இனி அடிப்பாய். எனக்கு மிகவும் பிடித்த பாகம் இதுதான். கூடைச் சுவருக்கு முன்னால் ஆற்றுப் படுகையில், கால் மீட்டர், முப்பது சென்டிமீட்டர் உயரத்தில் தட்டையான வலைப்பெட்டிகளைப் பாய் விரித்த மாதிரி விரிப்போம். இது எதற்கு? ஆறு அடியைத் தோண்டும் என்று சொன்னேன் இல்லையா? தோண்டட்டும். பாயின் முன்விளிம்பு அந்தக் குழிக்குள் மடங்கி இறங்கிக் குழிச் சரிவை மூடிக்கொள்ளும். ஆறு மேற்கொண்டு உள்ளே வர முடியாது. எதிர்பார்க்கிற குழி ஆழத்தைப் போல ஒன்றரை, இரண்டு மடங்கு நீளம் பாய் இருக்க வேண்டும் என்பது நடைமுறைக் கணக்கு. பணம் போதவில்லை என்றால் முதலில் கத்தரி விழுவது இந்தப் பாயின் மேல்தான். தண்ணீருக்கு அடியில் இருப்பது யாருக்குத் தெரியப்போகிறது? அதே மாதிரி, பாய்க்கு முன்னால் யாராவது மணல் அள்ளினால் மொத்தக் கணக்கும் தப்பிவிடும். கல்கூடை வைத்த இடத்துக்கு அருகே மணல் அள்ளுவது, வீட்டு அஸ்திவாரத்துக்குப் பக்கத்தில் கிணறு தோண்டுவது மாதிரி.

கடற்கரை ஊர்க்காரர்களும் வந்திருக்கிறீர்கள். உங்களுக்கு வேறு கதை. 1990 முதல் 2018 வரையிலான கரையோர மாற்றத்தைத் தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் அளந்ததில், தமிழகக் கரையில் 42.7 விழுக்காடு அரிப்புக்கு உள்ளாகியிருப்பதாகக் கண்டார்கள். எனவே ‘எங்க ஊருக்கும் கூடை வைங்க’ என்று நீங்கள் கேட்பது நியாயம். ஆனால் அலை நேராக அடிக்கிற இடத்தில் இரும்புக் கம்பிக் கூடையை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். உப்பு ஒரு பக்கம் அரிக்கும். அலை புரட்டுகிற மணல் இன்னொரு பக்கம் உப்புக்காகிதம் மாதிரித் தேய்க்கும். துத்தநாகப் பூச்சுக்கு மேல் பி.வி.சி. உறையும் போட்ட கம்பி முகத்துவாரம், உப்பங்கழி ஓரங்களில் தாங்கும். திறந்த கடலில் டன் கணக்கு எடையுள்ள பாறைகளைப் போடுவது அதனால்தான். ஒடிசாவில் பெந்தா என்ற ஊரில், சென்னை ஐ.ஐ.டி. வடிவமைப்பில், மணல் நிரப்பிய பெரிய துணிக்குழாய்களை அடுக்கி 505 மீட்டர் நீளக் கரை கட்டினார்கள். அதன் மேல் கவசமாக வைத்ததும் கல்கூடைதான், ஆனால் இரும்புக் கம்பியால் ஆனது இல்லை. பாலிப்ரோப்பிலீன் கயிற்றில் பின்னியது.

இன்னொன்றையும் கடற்கரைக்காரர்கள் மறக்கக் கூடாது. நம் கிழக்குக் கரையில் ஆண்டின் மொத்தக் கணக்கில் மணல் தெற்கிலிருந்து வடக்காக நகர்கிறது. நடுவில் எதைக் கட்டினாலும் அதன் வடக்கே இருக்கிற ஊருக்கு வர வேண்டிய மணல் குறையும். சென்னைத் துறைமுகத்துக்கு வடக்கே ராயபுரம் முதல் எண்ணூர் வரை நடந்தது அதுதான். உங்கள் ஊருக்கு மட்டும் ஒரு தடுப்பு கேட்டு மனு எழுதும்போது வடக்கே இருக்கிற ஊர்க்காரர்களையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள்.

இப்போது போனுக்கு வருவோம். டெல்டாவில் கரை வேலைகள் பெரும்பாலும் கோடையில், மேட்டூர் திறப்பதற்கு முன் நடக்கும். வழக்கமான திறப்பு நாள் ஜூன் 12. ஏப்ரல், மே மாதங்களில் உங்கள் ஊர்க் கரையில் வலைக்கட்டும் கல்லும் வந்து இறங்கினால் வேலை ஆரம்பம். கேமராவில் இட அடையாளத்தை இயக்கி வைத்துக்கொள்ளுங்கள். படத்தோடு இடமும் நேரமும் பதியும். முக்கியமாக வேண்டியது நாலு படம்: கரையைச் சரிவாக வெட்டியதும் ஒன்று, துணி விரித்ததும் ஒன்று, படுகையில் பாய் விரித்ததும் ஒன்று, மூடி போடுவதற்கு முன் திறந்த கூடையின் உட்புறம் ஒன்று. மூடி போட்ட பிறகு எடுக்கிற படம் ஸ்டேட்டஸ் வைக்க நன்றாக இருக்கும், வேறு பயன் இல்லை.

படம் எடுக்கிறேன் என்று வேலையாட்களை மிரட்டாதீர்கள். வெயிலில் கல் அடுக்குகிறவர்கள் அவர்கள். தண்ணீர் கொடுத்துவிட்டுப் பேசுங்கள், அவர்களே எல்லாம் சொல்வார்கள். குறை தெரிந்தால் முதலில் பணியிடத்துப் பொறியாளரிடம் காட்டுங்கள். பல நேரம் அதிலேயே முடிந்துவிடும், ஏனென்றால் அன்றைக்கு அவரும் என்னை மாதிரி வேறு இடத்தில் இருந்திருப்பார். முடியவில்லை என்றால் முதல்வரின் உதவி மையம் 1100. படங்களோடு இணையத்திலும் பதிவு செய்யலாம்; கிடைக்கிற எண்ணைப் பத்திரமாக வையுங்கள்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் எல்லாருக்கும் தெரியும்: பத்து ரூபாய்க் கட்டணம், முப்பது நாளில் பதில். ஆனால் அந்தச் சட்டத்தின் 2(ஜே) பிரிவு தாள்களோடு நிற்கவில்லை. நடக்கிற வேலையை நேரில் பார்வையிடவும், பயன்படுத்திய பொருளின் சான்றிட்ட மாதிரியைப் பெறவும் உரிமை தருகிறது. வேலை நடக்கும்போதே விண்ணப்பியுங்கள். கிராம சபையிலும் மதிப்பீட்டு நகலைக் கேளுங்கள்; அதில் ‘வடிகட்டித் துணி’, ‘அடிப்பாய்’ இரண்டு வரியும் இருக்கிறதா என்று விரல் வைத்துப் பாருங்கள். கேட்கும்போதே படித்துறையும் கேட்டுவிடுங்கள். கூடை வைத்த கரையில் துணி துவைக்கவும் மாடு குளிப்பாட்டவும் இறங்க முடியாது. கம்பி முனை காலைக் கிழிக்கும். பிறகு ஜனங்கள் வழிக்காக வலையையே வெட்டுகிறார்கள். அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்?

உடைப்பு வரும்போல இருந்தால் மனுவெல்லாம் வேண்டாம். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநில அறை 1070. அந்த நேரத்தில் சவுக்குக் கட்டையும் மணல் மூட்டையும்தான் கைகொடுக்கும், கல்கூடை கட்ட நேரம் இருக்காது.

வேலை முடிந்த கூடையில் குப்பை கொளுத்தக் கூடாது; பி.வி.சி. உறையும் துணியும் உருகிவிடும். ஒரு ஊரில் பார்க்க அழகாக இருக்கட்டும் என்று முகப்பு முழுக்க சிமெண்ட் பூசி வர்ணமும் அடித்துவிட்டார்கள்! தண்ணீர் போக வழியில்லாத கூடை, வெறும் மோசமான சுவர். இடுக்கில் புல் முளைத்தால் விடுங்கள், வெட்டிவேர் நட்டால் ரொம்ப நல்லது. அரசும் ஆலும் முளைத்தால் சின்னதிலேயே பிடுங்கிவிடுங்கள், வேர் தடித்தால் வலையைப் பிளக்கும்.

போன முகாமில் ஒரு தம்பி கேட்டார்: ‘சார், வலையில ஒரு இடத்துல கம்பி அறுந்திருக்கு. நாங்களே கட்டிடலாமா?’ ஒன்றிரண்டு கண் என்றால் இரட்டை முறுக்கு தாங்கும், அவசரமில்லை. கல் வெளியே வர ஆரம்பித்திருந்தால் படம் எடுத்து நீர்வளத் துறையின் உதவிப் பொறியாளருக்கு அனுப்புங்கள், அடுத்த மழைக்குள் அதே தரக் கம்பியால் தைத்துவிடலாம். கட்டடக் கட்டுக்கம்பியால் நீங்களே கட்டினால் சீக்கிரம் துருப்பிடித்துவிடும். விழுந்த கல்லை மட்டும் யாரும் வீட்டுக்கு எடுத்துப் போகாமல் கரையிலேயே குவித்து வையுங்கள். தைக்கும்போது அதே கல் தேவைப்படும்.